சந்தனம்மாளுக்கு எழுதிக்கொடுத்த வீடு

சின்னமனூரைத் தாண்டியதும் கைருன்னிசா கண்களை மூடிக்கொள்வார். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பி, கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வரும் கணவர் சேக் பரீத், மனைவிக்குப் பஸ் ஒத்துக்கொள்வதில்லை என்று நினைத்து, தேனிக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். கைருன்னிசா அதை வாங்கி முகர்ந்துகொண்டே வருவார். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே வருகிற இடங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இடது பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு மோட்டார் ரூம் வரும். அதற்குள் ஒரு லாரி முதலாளி செத்துக் கிடந்தார். அதைத் தாண்டினால் வாய்க்கால் மதகு. அங்கே ஒரு கல்யாண மாப்பிள்ளை, கையில் கங்கணத்தோடு. செங்கல் காளவாசலில் அண்ணன் தம்பி இரண்டு பேர். இப்படி ஒரு மைலுக்கு ஒருவராவது இருந்தார்கள். நிஜத்தில் அங்கெல்லாம் யாரும் சாகவில்லை. எல்லாரையும் கைருன்னிசாதான் கதையில் சாகடித்தார். முப்பது வருஷத்தில் அறுபத்து இரண்டு துப்பறியும் நாவல்கள். அறுபத்து இரண்டிலும் துப்புத் துலக்குகிறவள் ஒருத்திதான்: கிராமத்து நர்ஸ் சந்தனம்மாள். போடி மலையிலிருந்து கூடலூர் வரைக்கும், இந்தப் பக்கம் வைகை அணை வரைக்கும், அவளுடைய பழைய மொபெட் போகாத பாதை இல்லை. அது போன இடத்திலெல்லாம் ஒரு பிணம் கிடந்தது. எழுதும்போது ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அந்த இடத்தையே நினைத்துக்கொண்டிருந்ததால், எழுதி முடித்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. வெயிலில், தூறலில், ஆடிக் காற்றில் தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாயும்போது, அவர்கள் அப்படியே கிடந்தார்கள்.

கைருன்னிசாவுக்குத் தொழில் கதை எழுதுவது அல்ல. அவர் பத்திரம் எழுதுகிறவர். உத்தமபாளையத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே பத்தடி அறை. அவருடைய அத்தா நடத்திய இடம். அத்தாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. இரண்டாவது மகளின் கையெழுத்து அச்சுக் கோத்தது போலிருப்பதைப் பார்த்து, அவளையே லைசென்ஸ் பரீட்சை எழுத வைத்தார். முதல் வருஷம் வாசல்வரை வந்துவிட்டு, பொம்பளை எழுதின பத்திரம் நிக்குமா என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. பிறகு அவர்களே, அந்தம்மா எழுதினால் ஓர் எழுத்து பிசகாது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

பத்திரத்தில் நிலத்தின் நாலு எல்லையும் வரும். அந்த நிலம் ஏன் கைமாறுகிறது என்பது வராது. ஆனால் எழுதுகிறவருக்கு அது தெரியும். கிணற்றில் எந்த மகனுக்கு எத்தனை மணிநேரத் தண்ணீர் என்று பிரிக்கும்போது எந்த மருமகள் எச்சில் விழுங்கினாள் என்று தெரியும். பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த தங்கை, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பெருவிரல் மையைச் சேலையில் துடைத்தது தெரியும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அத்தா சத்தியம் வாங்கியிருந்தார். சொல்லவில்லை. உள்ளே கிடந்து, வேறு பெயரும் வேறு ஊருமாக, கதைகளாகிவிட்டன.

சந்தனம்மாள் வந்தது தொண்ணூற்று நாலாம் வருஷச் சித்திரையில். நிழல் தேடி ஒரு நர்ஸ் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். நீலச் சேலை, தோளில் மருந்துப் பெட்டி. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, எதிரே பதிவு அலுவலகத்தை ஒட்டிய சந்துக்குள் பார்த்தபடி, "அந்த ஓட்டு வீட்டுல மூணு நாளா அடுப்பு எரியலயேக்கா, கவனிச்சீகளா?" என்றார். கைருன்னிசா கவனிக்கவில்லை. அந்த வீட்டுக்கு நேர் எதிரே எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார், கவனிக்கவில்லை. நர்ஸ் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். உள்ளே ஒரு கிழவர் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டார். நர்ஸ் அடுத்த மாதமே மாறுதலாகி எங்கோ போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் கைருன்னிசா ஒரு பெயர் வைத்தார். பிசகிப்போன பத்திரத் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மதுரையில் மாத நாவல் போடுகிற பதிப்பகம் ஒன்று வாங்கிக்கொண்டது.

அவருடைய முதல் வாசகர் பரீத்தான். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். கையெழுத்துத் தாள்களைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய், மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து, உதடு அசையப் படிப்பார். கொலைகாரன் யார் என்று பாதியில் சொல்வார். அறுபத்து இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னார். ஒருமுறை கைருன்னிசா ஒரு தபால்காரரைக் கொன்றுவிட்டார் என்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். "அந்த மனுசன் என்ன பாவம் பண்ணுனாக? மழையில நனஞ்சுக்கிட்டு மணியார்டர் கொண்டுவந்தாக" என்று வருத்தப்பட்டார்.

போன வருஷம் ஆடி மாதம் கைருன்னிசாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். தேனியில்தான். கட்டு அவிழ்த்த அன்று ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடியைச் சற்றே தூக்கிப் பார்த்தபோது வீட்டுச் சுவர் நீலமாக இருந்தது. அதை வெள்ளை என்று நினைத்திருந்தார். எப்போது நீலம் அடித்தோம் என்று பரீத்திடம் கேட்டார். "நாலு வருஷம் ஆச்சு. நீதான கலர் சொன்ன?" என்றார் பரீத்.

ஐந்தாம் நாள் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எழுதக்கூடாது, படிக்கக்கூடாது, குனியக்கூடாது. சும்மா உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பந்தலுக்கு அடியில் நுழைந்ததும் கைருன்னிசா நின்றுவிட்டார். இலைகளுக்கு ஊடாக இறங்கிய வெளிச்சம் பச்சையாக இருந்தது. தன் கை பச்சை, வெள்ளைத் துப்பட்டி பச்சை, தரையில் சிந்திக் கிடந்த வெயில் காசுகூடப் பச்சை. குலைகள் நிறம் எடுக்கிற பருவம். ஒரே குலையில் பச்சையும் செம்மையும் கருநீலமும் கலந்திருந்தன. மேகமலைப் பக்கமிருந்து காற்று வந்தபோது பந்தல் முழுதும் மெல்லப் புரண்டு, பிறகு படிந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்பதாகத் தோன்றியது. இத்தனை வருஷம் இதைப் பார்க்கவே இல்லையே என்று நினைத்தார்.

பரீத் கொஞ்சம் தள்ளி, கைகளை மேலே தூக்கி, கத்தரியால் வேண்டாத கொடிகளை நறுக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்த பின்கழுத்து. மண்ணில் பதிந்த வெறுங்கால். கைருன்னிசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மனசுக்குள் ஒரு வாக்கியம் தானாக எழுதிக்கொண்டது: 'நாலாவது கல்தூணுக்கும் ஐந்தாவது கல்தூணுக்கும் நடுவில், முகம் மண்ணில் படிய, வலது கையில் கத்தரியை விடாமல் பிடித்தபடி கிடந்தார்.'

நல்ல வாக்கியம். ஒரு சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா கைருனு, கண்ணு உறுத்துதா?" என்று பரீத் திரும்பினார்.

"இல்ல மச்சான். நீங்க இங்குட்டு வாங்க. அங்கன நிக்க வேணாம்."

அவர் ஏன் என்று கேட்காமல் வந்தார். மோட்டார் ரூம் வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மனைவியைப் படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டார். கண்ணுக்குள் குளிர்ந்த மருந்து பரவ, கைருன்னிசா மூடிய இமைகளுக்கு உள்ளே சிவப்பாகத் தெரிந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் தூரத்தில் போனது. தூங்கினாரா இல்லையா என்று அவருக்குப் பின்னாலும் தெரியவில்லை.

மொபெட் வந்து நின்றது. சந்தனம்மாள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நீலச் சேலை. முப்பத்தெட்டு வயது. முதல் நாவலிலும் முப்பத்தெட்டு, அறுபத்து இரண்டாவதிலும் முப்பத்தெட்டு. தன் கால் பெருவிரலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "கால் வலிக்குதுக்கா. முப்பது வருஷமா இந்த வண்டிய மிதிச்சே ஸ்டார்ட் பண்றேன்."

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போ" என்றார் கைருன்னிசா.

"போகணும்தான். வீட்டுக்குப் போகச் சொல்லுங்கக்கா, போறேன்."

"போயேன். உன் வீடு எங்கன இருக்கு?"

சந்தனம்மாள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. "அத நீங்க எழுதவே இல்லயே."

கண் விழித்தபோது தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கைருன்னிசா எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு நாவலாக நினைத்துப் பார்த்தார். உண்மைதான். சந்தனம்மாள் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றாள். கடைசி அத்தியாயம் முடிந்ததும் மொபெட்டை உதைத்துக் கிளம்பினாள். எங்கே போனாள்? ராத்திரி எங்கே படுத்தாள்? அவள் சாப்பிட்டதாகக்கூட எழுதவில்லை. டீ மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, ஆட்டோவில், பரீத்திடம் சொன்னார்: "நான் நிப்பாட்டப் போறேன் மச்சான்."

"எத?"

"சந்தனம் கதைய."

பரீத் காரணம் கேட்டார். கைருன்னிசா பஸ் ஜன்னல் விஷயத்தைச் சொன்னார். பந்தலுக்கு அடியில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்தது. கண்ணைக் கசக்கக்கூடாது என்பதால் அப்படியே வழிய விட்டார்.

"எப்படிச் செத்துக் கெடந்தேன்?" என்று கேட்டார் பரீத்.

"கவுரவமாத்தான். கையில கத்தரி இருந்துச்சு."

"யாரு கொன்னது?"

"அதுவரைக்கும் போகல."

பரீத் தலையாட்டினார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, எலுமிச்சம்பழம் இல்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப நிப்பாட்டிரு" என்றார்.

பதிப்பகத்து முத்துராமலிங்கத்துக்குப் போனில் சொன்னதும் அவர் மறுவாரமே மதுரையிலிருந்து காரில் வந்துவிட்டார். அப்பா காலத்துப் பதிப்பகத்தை எடுத்து நடத்துகிறவர். மற்ற மாத நாவல்கள் எல்லாம் நின்றுபோன பிறகும் சந்தனம்மாளை நம்பித்தான் அவர் மிஷின் ஓடுகிறது. கடையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, வழியெல்லாம் யோசித்துவந்ததைச் சொன்னார்.

"நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்கக்கா. ஒங்க உடம்பு முக்கியம். ஆனா சும்மா நிப்பாட்டக் கூடாது. சந்தனத்த சாகடிச்சுருங்க. மேகமலை ரோட்டுல, மழையில, அந்த வண்டியோட. கீழ தேடுவாக, வண்டி மட்டும் கெடைக்கும். ஊரே பேசும்."

"அவ சாக மாட்டா" என்றார் கைருன்னிசா.

"சரி. அப்ப கடைசி புக்குல யாரு சாகுறாக? பெரிய ஆளாப் போடணும்."

"யாரும் சாகல."

முத்துராமலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எதிர்வரிசையில் பதிவு அலுவலக வாசலில் ஒரு குடும்பமே வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொலையே இல்லாம ஒரு துப்பறியும் கதையாக்கா?" என்றார், தன்னிடமே கேட்டுக்கொள்வது போல.

"ஒரே ஒரு தடவ" என்றார் கைருன்னிசா.

அடுத்த இதழின் பின் அட்டையில் 'சந்தனம்மாளின் கடைசி வழக்கு விரைவில்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்கள். அது வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கைருன்னிசா வீட்டுத் தெருவில் ஒரு ஜீப் வந்து திரும்ப இடமில்லாமல் நின்றது. உள்ளே பத்துப் பெண்கள். கம்பம் புதுப்பட்டியிலிருந்து விடிகாலையில் கம்பமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்குகிறவர்கள். இரண்டு பேர் மட்டும் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் பாண்டீஸ்வரி, ஐம்பது வயதிருக்கும், கைவிரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. பின்னால் வந்த நதியா இளையவள். மார்போடு அணைத்த மஞ்சள் பையில் நாலைந்து பழைய புத்தகங்கள்.

"இவதான் வாசிப்பா, நாங்க கேப்போம்" என்றார் பாண்டீஸ்வரி. "ஏறும்போது அஞ்சு பக்கம், எறங்கும்போது அஞ்சு பக்கம். வளைவு வந்தா நிப்பாட்டிருவா, வாந்தி வரும்னு. காய் எடுக்கயில யாரு கொன்னுருப்பாகன்னு பேசிக்கிருவோம். கங்காணி வந்து சத்தம் போடுவாரு. இப்பல்லாம் அவரும் கேக்குறாரு."

கைருன்னிசாவுக்கு முப்பது வருஷமாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்ததில்லை. உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"சந்தனம் செத்துருவாளா?" என்று நதியா கேட்டாள்.

"இல்லம்மா. சாக மாட்டா."

"பெறகு எங்கன போவா?" என்றார் பாண்டீஸ்வரி. "நிப்பாட்டுங்க, வேணாம்னு சொல்லல. நீங்களும் மனுசிதான. ஆனா அவள நடுரோட்டுல விட்டுட்டுப் போகாதீக. எங்கனயாச்சும் சேத்துட்டுப் போங்க."

கைருன்னிசா எழுத உட்கார்ந்தபோது ஆடிக் காற்று அடங்கி, மழை வந்திருந்தது. கடைசி வழக்கு இப்படிப் போனது: கூடலூரில் மலையம்மாள் என்று ஒருத்தி காணாமல் போகிறாள். எல்லாரும் கொலை என்கிறார்கள். புருஷன் மேல் சந்தேகம், கொழுந்தன் மேல் சந்தேகம். சந்தனம்மாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிணறு கிணறாக, வாய்க்கால் வாய்க்காலாகத் தேடுகிறாள். எந்த இடத்திலும் பிணம் இல்லை. மதகில் பெண்கள் துணி துவைக்கிறார்கள். மோட்டார் ரூமில் ஒருவர் மத்தியானத் தூக்கம் போடுகிறார். கடைசியில் ஆண்டிபட்டியில் ஒரு தறிக்கூடத்தில் மலையம்மாளைக் கண்டுபிடிக்கிறாள். அவள் தானாகக் கிளம்பி வந்தவள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறாள். சந்தனம்மாள் அவள் ரத்த அழுத்தம் பார்த்து, நோட்டில் 'நலம்' என்று மட்டும் எழுதிவிட்டு வெளியே வருகிறாள்.

அதுவரைக்கும் மழையோடு மழையாக எழுத்து ஓடியது. வெளியே வந்த சந்தனம்மாள் மொபெட் பக்கத்தில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. பாண்டீஸ்வரி கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. எங்கே சேர்ப்பது? கல்யாணம் செய்து வைத்துப் பார்த்தார், கிழித்துப் போட்டார். சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்தார். அவர்கள் யாரோ போலிருந்தார்கள். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போனது.

ஒருநாள் முற்பகல் கடையில், அக்கம்மாள் என்ற பெண்மணி தன் தங்கைக்கு நாலு சென்ட் எழுதிவைக்க வந்திருந்தார். கைருன்னிசா வழக்கம்போல் கேட்டு, டைப் அடித்து, வாசித்துக் காட்டினார். 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற வரி வந்ததும் தங்கைக்காரி விம்மினார். அவர் படிக்காதவர். அந்த வார்த்தைகளின் சத்தமே அவருக்குப் போதுமானதாயிருந்தது. அவர்கள் போன பிறகு கைருன்னிசா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். இந்தத் தடவை பின்பக்கம் இல்லை, புதுத் தாள்.

நாளது தேதி போட்டார். எழுதிக்கொடுப்பவர், உத்தமபாளையம் சேக் பரீத் மனைவி கைருன்னிசா. எழுதி வாங்குபவர், ஓய்வுபெற்ற நர்ஸ் சந்தனம்மாள். வயது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அறுபத்தெட்டு என்று எழுதினார். சொத்து விவரம்: கோம்பை மலையடிவாரத்தில் ஆறு சென்ட். கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, வடக்கே மொக்கம்மாள் புஞ்சை, தெற்கே புளியமரம். இந்த நான்கெல்லைக்குள், ஓடு வேய்ந்த வீடு ஒன்று, தண்ணீர் வற்றாத கிணறு ஒன்று, அடுப்பு இரண்டு, கயிற்றுக் கட்டில் ஒன்று, செவலை நிறக் கோம்பை நாய்க்குட்டி ஒன்று. 'மேற்படி சொத்தைத் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இன்று முதல் தங்களை எழுப்பவோ, அழைக்கவோ, எவ்விதச் சாவு வீட்டுக்கும் அனுப்பவோ எனக்கும் என் பின் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை.'

பரீத் தோட்டத்தில் உட்கார்ந்து, உதடு அசைய, கடைசிவரைக்கும் படித்தார். பிறகு பேனா கேட்டார். "சாட்சி வேணுமில்ல?" என்று சொல்லி, தாளின் அடியில் சேக் பரீத் என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பிரதி மதுரைக்குப் போன மூன்றாம் நாள் முத்துராமலிங்கம் போன் செய்தார். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. விற்காது என்று சொல்லப் போகிறார் என்று கைருன்னிசா காத்திருந்தார்.

"அக்கா, ஒரு சாட்சிதான் இருக்கு. ரெண்டாஞ் சாட்சி நான் போடவா?" என்றார் அவர்.

இரண்டு கையெழுத்தோடும் அப்படியே அச்சாகி, தை மாதம் வெளிவந்தது. எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. போடியிலிருந்து ஒரு வாத்தியார், பிணமில்லாத துப்பறியும் கதை உப்பில்லாத குழம்பு என்று கார்டு போட்டார். இன்னொருவர் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டீர்கள் என்றார். பெரியகுளத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோம்பைக்கே போய், நர்ஸ் சந்தனம்மாள் வீடு எது என்று டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் மலைப்பக்கம் கையைக் காட்டி, "நேரா போயி ஓடைக்கு இங்குட்டு" என்றாராம். அவர்கள் ஓடைவரை போய், புளியமரங்கள் நிறைய இருந்ததால் எது என்று தெரியாமல், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்களாம்.

கைருன்னிசா பத்திரம் எழுதினார். சாயங்காலங்களில் கைக்கு வேலை இல்லாமல் இருந்தது. சில நாள் வெறும் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சமையல்கட்டிலிருந்து பரீத் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பஸ்ஸில் இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகினார். செத்தவர்கள் ஒரேயடியாகப் போய்விடவில்லை. லாரி முதலாளி மாசியில் போனார். கல்யாண மாப்பிள்ளை பங்குனி வரைக்கும் இருந்தார். ஒருநாள் மதகுப் பக்கம் பார்த்தபோது வெறும் தண்ணீர் மட்டும் வெயிலில் மினுங்கியது. அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வைகாசியில் பாண்டீஸ்வரி கடைக்கு வந்தார். ஏதோ ரேஷன் கார்டு மனு எழுத. எழுதி முடித்ததும், "ஒருநா எங்ககூட மலைக்கு வாங்கக்கா. காத்துக்கு நல்லாருக்கும்" என்றார்.

புதன்கிழமை காலை கைருன்னிசா புதுப்பட்டியில் ஜீப் ஏறினார். பதினோராவது ஆளாக நெருக்கி உட்கார்ந்தார். விடிந்துவிட்டிருந்தது. அடிவாரத்தில் வெயில், நாலாவது வளைவில் மேகமூட்டம் தொடங்கியது. அதற்கு மேல் பள்ளத்தாக்கு காணாமல் போனது. ஊர், ஆறு, வயல், எல்லாமே வெள்ளைக்குள் இறங்கிவிட, ஜீப் எதன் மேல் போகிறது என்று தெரியாமல் மிதந்து ஏறியது. பெண்கள் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார்கள். நதியா பையைத் திறக்கவில்லை. அவள் கையில் புத்தகம் இல்லை.

"நேத்து எங்கன விட்டோம்?" என்று பாண்டீஸ்வரி கேட்டார்.

"வாசல்ல மூட்ட கெடக்குல்ல, அங்கன" என்றாள் நதியா.

கைருன்னிசாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவர்கள் சந்தனம்மாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோம்பை வீட்டில் சந்தனம்மாள் தினமும் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சின்ன மூட்டை இருக்கிறது. உள்ளே ஒரு படி பச்சை ஏலக்காய். யார் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நாயும் குரைப்பதில்லை. ஆளுக்கு ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். முன்சீட்டிலிருந்து ஒருத்தி, மூட்டையைக் கட்டியிருந்த கயிறு வாழைநார் என்றாள். இல்லை, சேலைக் கிழிசல் என்றாள் இன்னொருத்தி, அப்படியே முடிவாயிற்று. பச்சைச் சேலை. எந்தத் தோட்டத்திலும் அந்தச் சேலை கட்டுகிறவர்கள் இல்லை.

நாய் குரைக்காததற்கு ஒரு காரணம் கைருன்னிசாவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா வாங்கக்கா" என்றார் பாண்டீஸ்வரி, அவர் முழங்காலில் தட்டி. "பாத்தியம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீகள்ல."

ஜீப்பே சிரித்தது. கைருன்னிசாவும் சிரித்துவிட்டார். செக்போஸ்ட் தாண்டி, தேயிலைச் சரிவு தாண்டி, சந்தனம்மாள் அந்தச் சேலைத் துண்டை மோந்து பார்த்து, "இது மருந்து வாசம்" என்று சொல்கிற இடத்தில் தோட்டம் வந்துவிட்டது. எல்லாரும் குதித்து இறங்கினார்கள். யார் அது என்று கைருன்னிசா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "சாயங்காலம் எறங்கயில பாத்துக்கிரலாம்" என்று சொல்லிவிட்டு, சேலை நனையாமல் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏலச்செடிகளுக்குள் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசற்படியில் கைருன்னிசா உட்கார்ந்தார். உள்ளேயிருந்து சூடான ஏல வாசனை வந்து மூட்டத்தோடு கலந்தது. மருந்து வாசம் என்றால் இன்னொரு நர்ஸாக இருக்கலாம். இல்லை, மலையம்மாளாக இருக்கலாம். ஆண்டிபட்டியிலிருந்து அவள் ஏன் வர வேண்டும்? செடிகளுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. ஸ்டோர்க்காரர் வெளியே வந்து, புதிய ஆளைப் பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார்.

"கத கேக்க வந்தேன்" என்றார் கைருன்னிசா. "நாலு மணிக்கு ஜீப்பு எடுப்பாகளா?"

நாலரை ஆகும் என்றார் அவர். கைருன்னிசா காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.